அலங்காரம் துறந்த வெள்ளி

தாராபுரம் வட்டத்துக் குண்டடம் போன்ற கொங்குநாட்டு ஊர்களில் கலியாண வரவேற்பிலே வைக்கப்படும் பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் கண்டு பழகிய நமக்கு, வெள்ளிப் பாத்திரம் என்றால் கொடியும் பூவும் அன்னமும் செதுக்கியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே வேரூன்றிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் மத்தியில் ஐரோப்பியக் கலைஞர் சிலர் இந்த எண்ணத்தை முற்றிலும் விலக்கி வைத்தார்கள்.

1904இல் கோபன்ஹேகன் நகரில் பட்டறை தொடங்கிய ஜார்ஜ் ஜென்சன், ஆரம்பத்தில் கனிகளையும் மொட்டுகளையும் வெள்ளியில் வடித்தே கீர்த்தி பெற்றவர். ஆயினும் அவருக்குப் பின் அதே ஸ்தாபனத்துக்காகச் சிற்பி ஹென்னிங் கொப்பல் 1952இல் உருவாக்கிய கூஜாவிலோ, கழுத்து எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி, ஒரே வளைவாக ஓடும் வடிவத்தைத் தவிர வேறு ஆபரணம் எதுவுமில்லை.

இந்த எளிமை சுலபமாகக் கைகூடுவதன்று. சுத்த வெள்ளி மிகவும் மிருதுவானதாகையால், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியோடு மீதிக்குப் பெரும்பாலும் செம்பைக் கலந்து தகடாக்குகிறார்கள். அத்தகட்டைப் பட்டடையின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டத் தட்ட அது குழிந்து வடிவம் பெறுகிறது. ஆனால் அடி விழ விழ உலோகம் இறுகிப்போவதால், விரிசல் காணுமுன் நெருப்பிலிட்டு இளக்கி, மறுபடியும் தட்ட வேண்டியிருக்கிறது. பற்றவைத்த இடத்தையும் சிறு நெளிவையும் பூவேலை மறைத்துவிடும். வெறும் பரப்போ தொழிலாளியின் சிறு பிழையையும் ஒளியிலே காட்டிக் கொடுத்துவிடும்.

அலங்காரமற்ற இத்தகைய வடிவம் நமக்கும் புதிதன்று. இந்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும், 1958இல் அளித்த அறிக்கையில் மிகவும் சிலாகித்து எடுத்துக்காட்டிய பொருள் நம் வீட்டுச் சொம்பே ஆகும். இடுப்பிலும் தலையிலும் அது அமர்வது எவ்வாறு, நிறைந்தபோதும் ஒழிந்தபோதும் அதன் சமநிலை யாது, நீர் எப்படி வார்கிறது என்றெல்லாம் ஆராய்ந்த அவர்கள், தனியொருவர் வகுத்ததன்று, தலைமுறைகள் பல சேர்ந்து செதுக்கிய வடிவம் அது என்று கண்டார்கள். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது.

குண்டடத்தை உள்ளடக்கிய இதே திருப்பூர் மாவட்டத்தில், பாத்திரத்துக்குப் பெயர் பெற்ற அனுப்பர்பாளையம் இருக்கிறது. அங்கே பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள் செய்யும் பட்டறைக் கைகள் அறிந்த வித்தையும், கோபன்ஹேகன் பட்டறையின் வித்தையும் அடிப்படையில் ஒன்றே. உலோகமும் விலையுமே வேறு.

ஆகவே, சீர்வரிசைக்குப் பாத்திரம் வாங்கச் செல்வோர் எடையையும் செய்கூலியையும் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், அதைக் கையிலேந்தி, நீர் வார்த்து, கழுவும்போது அழுக்குத் தங்குமா என்றும் பார்த்து வாங்குவார்களானால், நல்ல வடிவத்தைப் படைக்கும் தொழிலாளிக்கு அதுவே தக்க சன்மானமாகும்.