பட்டியலில் விட்டுப்போன எண்

ஆலந்தலைக் கரையில் கணக்கு என்றால் முதலில் பங்குதான். வள்ளம் கரையேறி மீன் விலைபோனதும், வந்த பணம் எத்தனை பங்காகும் என்பதே பேச்சு. ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பிலும் அப்படித்தான். அள்ளி வந்த சிப்பியை மூன்று கூறாக்குவார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் சிப்பி ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

இந்த ஆயிரம் எண்ணுவதற்கு வசதி, பிரிப்பதற்குத் தொல்லை. மூன்று கூறு போட்டால் ஒரு சிப்பி மிஞ்சும். மீதியில்லாமல் அதை வகுக்கும் எண்கள் மொத்தமே 16. அதைவிடச் சிறிய 840க்கோ 32! இரண்டு பேர் வந்தாலும் சரி, எட்டுப் பேர் வந்தாலும் சரி, 840 சிப்பியை முணுமுணுப்பில்லாமல் பிரித்துவிடலாம்.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைவிடவும் அதிக வகுஎண்கள் கொண்ட இத்தகைய எண்களைத் தேடிப் பிடித்தவர் ராமானுஜன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர், 1914 மார்ச்சில் கப்பலேறி, மறு ஆண்டே லண்டன் கணிதக் கழக இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவர் பெயரைச் சொன்னதும் எல்லாரும் 1729ஐ எடுப்பார்கள். எனக்கென்னவோ அதைவிட இவைதான் பிடிக்கும்.

கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களின் பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 6746328388800. பகா எண்களாக உடைத்தால் இதில் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொன்று. 6, 4, 2, 2, 1 என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது, எங்கும் ஏறவில்லை. ஏற முடியாது. 3ஐ விட 5 அதிகத் தடவை வந்தால், இரண்டின் எண்ணிக்கையையும் இடம் மாற்றினால் போதும். வகுஎண்கள் குறையாமலே சின்ன எண் கிடைத்துவிடும். வகுஎண்களை எண்ணுவதும் எளிது. ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3, அதை ஐந்து முறை இரட்டிக்க, 10080. அந்த 10080ம் இதே வகை எண்தான்!

கணிப்பொறி இல்லாத காலம்; எல்லாம் கையால் போட்ட கணக்கு. இவ்வளவு நீளப் பட்டியலில் ராமானுஜன் ஒன்றே ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார்: 293318625600. இதற்கு 5040 வகுஎண்கள். அவர் எழுதிவைத்த அந்தக் கடைசி எண்ணை 23ஆல் வகுத்துப் பாருங்கள், விட்டுப்போனது வந்து நிற்கும்.