ஐயனார் காத்த காடு

ஊர்ப்பெயர்கள் பழைய வரலாற்றைத் தம்முள் பொதிந்து வைத்திருப்பன. திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணிவனம் என்பதன் மரூஉ என்பர். திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். அங்கு எழுந்தருளியுள்ள இறைவன் திருநாமமும் திந்திரிணீஸ்வரர் என்பதே. விழுப்புரத்தை அடுத்த பனையபுரமோ, திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகம் பெற்ற புறவார் பனங்காட்டூர். புறவு என்னும் சொல்லுக்கு முல்லைநிலம் என்று பொருளுண்டு. புறா எனக் கொண்டு சிபிச் சக்கரவர்த்தியின் கதையோடு இயைத்துக் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், புளியங்காடும் பனங்காடும் சூழ்ந்த நாடு இது என்பதற்கு இப்பெயர்களே சான்று. இன்று திண்டிவனத்தில் வனத்தைத் தேடுவோர் பேருந்துகளையும் கடைவீதியையுமே காண்பர்.

திருக்கோயிலில் தலமரம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அது போற்றத்தக்கதே. ஆயினும் ஒற்றை மரம் காடாகாது. இம்மாவட்டத்தின் பழைய காடு எத்தகையது என்று அறிய விழைவோர் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்புத்துப்பட்டுக்குச் செல்லவேண்டும். அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் திருக்கோயிலைச் சூழ்ந்து ஒரு கோயிற்காடு நிற்கிறது.

தாவரவியலார் இதனை உலர் பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரையில், ஐப்பசி கார்த்திகை மழையைப் பெரிதும் நம்பி வாழும் காடு இது. ஆண்டில் பல திங்கள் மழையின்றிக் கழிந்தாலும் இலையுதிர்த்து மொட்டையாகி நிற்பதில்லை. இதன் மரங்கள் பலவற்றின் இலைகள் சிறியனவாய், தடித்துத் தோல்போன்று இருத்தலால் நீரை எளிதில் இழப்பதில்லை. மரங்கள் வானளாவ வளர்வதில்லை. நெருங்கி நின்று, கொடிகளால் பின்னப்பட்டு, நண்பகலிலும் தரையில் குளிர்நிழல் படியச் செய்கின்றன.

இக்காட்டில் மிகுந்து காணப்படும் மரம் எது எனில், காயா. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று ஏத்தாத வைணவர் இலர். முல்லைத்திணைக்குரிய மலர்களுள் காயாவும் ஒன்று என்பதைப் பள்ளி மாணவரும் படிக்கின்றனர். ஆனால் காயாம்பூவைக் கண்ணாரக் கண்டவர் எத்தனை பேர்? கிளைகளில் கொத்துக் கொத்தாக நீலம் பூத்து நிற்கும் அச்சிறு மரத்தைக் காணாமலேயே இறைவன் திருமேனி நிறத்தை நாம் பாடி வருகிறோம். உவமை ஏட்டில் இருக்க, உவமைக்குரிய பொருள் ஐயனார் காவலில் பிழைத்திருக்கிறது!

அக்காவல் எவ்வாறு நடந்தது? வேலியும் காவலரும் வைத்தன்று. கோயிற்காட்டில் பச்சை மரத்தில் கத்தி வைத்தல் ஆகாது, விழுந்த சுள்ளியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் ஆகாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் பல ஊர்களில் வழங்கின. இரவில் ஐயனார் குதிரையேறி வலம் வருவார் என்ற நம்பிக்கை அவற்றுக்குத் துணை நின்றது. உதிர்ந்த இலை அங்கேயே மட்கி எருவாயிற்று; அதன் ஈரத்தில் விதை முளைத்தது; பறவையும் வௌவாலும் பழந்தின்று விதைகளைத் தூவின. ஊரார் செய்தது, செய்யாதிருந்ததே.

இன்று கோயிற்காடுகள் பலவற்றுக்கு நேரும் இடர் பகைவரால் வருவதன்று, அன்பர்களால் வருவது. சாலை வசதி பெருகியபின் கூட்டம் பெருகிற்று. ஊர்திகள் நிறுத்த இடம் வேண்டும் என்று ஓரத்து மரங்கள் போகின்றன. பொங்கலிடும் அடுப்பின் அனல் அடிமரத்தைக் கருக்குகிறது. திருப்பணி என்று கருதியே சருகைக் கூட்டி எரிக்கின்றனர். புதர் என்று எண்ணி அகற்றுவதில் நாளைய மரத்தின் இளங்கன்று போய்விடுகிறது. மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டினால் வேருக்கு நீர் எவ்வழி செல்லும்? முதிய மரங்கள் நிற்க, இளமரங்கள் இல்லாத காடு, பிள்ளைகள் இல்லாத ஊர் போன்றது.

இக்காடுகளின் விதைக்கு எத்தகைய மதிப்புண்டு என்பதை அண்மையில் உள்ள ஆரோவில் காட்டுகிறது. 1968இல் அந்நகர் தொடங்கப்பெற்றபோது அம்மேட்டுநிலம் மரங்கள் அரிதாகி, மழை அரித்த செம்மண் பள்ளங்களாகக் கிடந்தது. வரப்பிட்டு மழைநீரைத் தேக்கினர். விரைந்து வளரும் அயல்நாட்டு வேல மரவகைகளை நட்டு நிழல் உண்டாக்கினர். பின்னர் அந்நிழலில் இம்மண்ணுக்கே உரிய மரங்களை நட விரும்பியபோது, விதை தேடிச் சென்ற இடங்களுள் கோயிற்காடுகளும் இருந்தன. வேறெங்கே கிடைக்கும்?

2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பொழிந்ததை இப்பகுதியார் மறந்திரார். அத்தனை மழையையும் எந்தக் காடும் தடுத்துவிடாது. எனினும் சருகு மூடிய தரை நீரைச் சிறிது சிறிதாக உள்வாங்கும். வெற்றுத் தரையோ மண்ணையும் சேர்த்து ஏரிக்கு அனுப்பிவிடும்.

அரசும் இவ்வகைக் காடுகளைக் கருதத் தொடங்கியுள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின்கீழ், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 5 ஹெக்டேரே. சிறிது என்று தள்ளத்தக்க காடு ஏதுமில்லை போலும்.

கீழ்புத்துப்பட்டுக்குச் செல்லும் அன்பர்கள் பொங்கலைக் காட்டுக்கு வெளியே வெட்டவெளியில் இடலாம். பிளாஸ்டிக் பைகளைத் திரும்ப எடுத்து வரலாம். நடைபாதையை விட்டு உள்ளே செல்லாதிருக்கலாம். சருகைச் சருகாகவே விட்டுவிடலாம். நேர்த்திக்கடனாக மரம் நட விரும்புவோர் காட்டினுள் அழகுச் செடிகளை நடாமல், தம் ஊர்ப் பெருமாள் கோயில் நந்தவனத்தில் ஒரு காயாவை நட அனுமதி கேட்கலாம். இம்மண்ணின் மரங்களை வளர்க்கும் நாற்றங்கால்கள் ஆரோவில் பகுதியில் உள்ளன. காயா மெல்ல வளரும் மரம். நட்டவர் பூவைக் காணச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும்.