கோடு எந்தத் திசையில் ஓடுகிறது?

பழைய கிட்டாரின் மேற்பலகையில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. "அது பாலிஷ்ல விழுந்த கோடுங்க, மரத்துக்கு ஒண்ணும் ஆகல" என்கிறார் விற்பவர். அப்படியும் இருக்கலாம், மரமே பிளந்தும் இருக்கலாம். பாலிஷ் கோடு என்றால் கவலையில்லை. மரம் பிளந்திருந்தால் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். இதில் பாதி விடையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தாலே போதும்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். தடிமன் சுமார் 3 மி.மீ.தான். அதில் ரேகைகள் கம்பிகளுக்கு இணையாக நேர்கோடாக ஓடும். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்போது சிட்கா ஸ்ப்ரூஸ் ரேகையின் நீளவாக்கில் 0.2 சதவீத அளவுக்கே சுருங்குகிறது. ரேகைக்குக் குறுக்கே, அகலவாக்கில், 4 சதவீதத்துக்கு மேல் சுருங்குகிறது. 40 செ.மீ. அகலமுள்ள பலகையில் மரத்தின் உள்ஈரம் 4 புள்ளி குறைந்தாலே சுமார் 2 மி.மீ. சுருங்கிவிடும். உள்ளே குறுக்காக ஒட்டியிருக்கும் தாங்குகட்டைகள் அந்தச் சுருக்கத்தைத் தடுக்கின்றன. இழுபறி தாங்காதபோது மரம் ரேகையோடு ரேகையாகப் பிளக்கிறது.

லாக்கர் பூச்சின் கதை வேறு. வெப்பநிலை சட்டென்று இறங்கினால் லாக்கர் வேகமாகச் சுருங்கப் பார்க்கும். ரேகையின் நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசைவதே இல்லை. ஆகவே அந்தத் திசையில்தான் இழுவிசை மிக அதிகம். அதற்குச் செங்குத்தாக, அதாவது ரேகைக்குக் குறுக்காக, லாக்கர் வெடிக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்கால இரவில் கிட்டாரைக் காரிலேயே விட்டுவைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

ரேகையை வெட்டிக்கொண்டு போகும் மயிரிழைக் கோடுகள் பூச்சோடு நின்றவை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ரேகையோடு ஓடும் கோட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். நகத்தால் மெதுவாகக் குறுக்கே வருடுங்கள். இருபக்கமும் ஒரே மட்டமா, ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா? கோட்டின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினால் அசைகிறதா? கம்பிகளைத் தளர்த்தி, கைபேசி விளக்கையும் சிறு கண்ணாடியையும் ஒலித்துளைக்குள் விட்டுப் பாருங்கள். அதே இடத்தில் உட்புறமும் கோடு தெரிந்தால் மரம் பிளந்திருக்கிறது. அங்கே சிறு மரத்துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தால் யாரோ முன்பே சரிசெய்திருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்த பழுது குறையே அல்ல. அது மறைக்கப்பட்டதா, சொல்லப்பட்டதா என்பதை மட்டும் கவனிப்பேன்.

பூச்சு எந்த வகை என்று தெரிந்தால் கிட்டாரின் வயதும் ஓரளவு தெரியும். பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெறுவது நைட்ரோசெல்லுலோஸ். 1920களில் டூபான்ட் நிறுவனம் இதை 'டூகோ' என்ற பெயரில் கார்களுக்கான பெயின்டாக விற்றது. நம் ஊர் பெயின்டர்கள் இன்றும் சொல்லும் டூகோ அதுதான். அதே பத்தாண்டில் கிட்டார் தொழிற்சாலைகளும் இந்த லாக்கருக்கு மாறின. இது வேதிவினையால் இறுகுவதில்லை, கரைப்பான் ஆவியாகிப் போவதால் காய்கிறது. அதனால்தான் எத்தனை ஆண்டு கழித்தும் தின்னர் பட்டால் கரைகிறது. வெயிலில் தேன் நிறத்துக்கும் மாறுகிறது. ரப்பர் ஸ்டாண்டில் மாதக்கணக்கில் நின்றால் ரப்பரிலுள்ள மென்மையூட்டி ஊறி, நெக்கின் பின்புறம் பிசுபிசுப்பான தழும்பு விழுகிறது. ஈரக்காற்றில் தெளித்தால் கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பூச்சு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிந்து வெள்ளை மூட்டம் போடும். கடலோர ஊரில் மழைக்காலத்தில் மறுபூச்சு பூசிய கிட்டாரில் நெக்கின் அடிப்பகுதியைப் பாருங்கள், அந்த மூட்டம் அங்கே ஒளிந்திருக்கும்.

பாலியெஸ்டர், பாலியுரேத்தேன் பூச்சுகள் பின்னால் வந்தவை. இவை வேதிவினையால் இறுகுவதால் கெட்டியாக, கண்ணாடிபோல் இருக்கும். அடிபட்டால் தேயாமல் சில்லாகப் பெயரும். பூச்சு மரத்தை விட்டு விலகிய இடத்தில் வெள்ளைத் திட்டு தெரியும். விலை குறைந்த ஆசியக் கிட்டார்களில் பெரும்பாலும் இந்த வகைதான். இதனால் ஒலி கெடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பூச்சின் பெயரைவிட அதன் தடிமன்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு இங்கே உதவும். இருட்டறையில் அதை அடித்தால், வயதான நைட்ரோ லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அண்மையில் தொட்டுப் பூசிய இடம் கருத்த திட்டாகத் தனித்துத் தெரியும். "ஒரிஜினல் பாலிஷ்" என்ற சொல்லுக்குக் கூடுதல் பணம் கேட்டால் இந்தச் சோதனைக்கு அனுமதி கேளுங்கள். பஞ்சை அசிட்டோனில் நனைத்துத் தேய்த்துப் பார்ப்பது இன்னும் துல்லியம், ஆனால் அது பூச்சையே தின்றுவிடும். அடுத்தவர் கிட்டாரில் அதைச் செய்யவே கூடாது.

பழைய மார்ட்டின் கிட்டார்களில் ஒரு விரிசல் அவற்றுக்கே உரியது. 1980களின் நடுப்பகுதி வரை அந்த நிறுவனம் பிக் உரசாமல் மேற்பலகையைக் காக்கும் செல்லுலாய்ட் பிக்கார்டை லாக்கர் பூசாத மரத்தின் மீதே நேராக ஒட்டியது. செல்லுலாய்டும் நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம்தான், அதில் கற்பூரம் கலந்திருக்கும். ஆண்டுகள் போகப்போக அது சுருங்கி, தன்னோடு ஒட்டிய மரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். விளைவு, பிக்கார்டின் ஓரத்தையொட்டி ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு விரிசல். உலகெங்கும் கிட்டார் பழுதுபார்ப்பவர்கள் இதை 'மார்ட்டின் கிராக்' என்றே அழைக்கிறார்கள். இது முரட்டுக் கையாளலின் அடையாளம் அல்ல. சரிசெய்யக்கூடியது, பயந்து ஓட வேண்டாம்.

கிட்டார் எங்கே பிறந்தது என்ற கேள்விக்குப் பலர் லேபிளைப் படித்து முடித்துவிடுகிறார்கள். லேபிளை ஒட்டலாம், உரிக்கலாம். எண், அமைப்பு, மரம் மூன்றும் ஒரே சாட்சி சொல்கின்றனவா என்று பார்ப்பதே சரி. மார்ட்டின் நிறுவனம் 1898 முதல் வரிசை எண்ணை இட்டுவருகிறது. ஒலித்துளைக்குள் பார்த்தால் நெக் இணையும் கட்டையில் அது பொறித்திருக்கும். எண் 1975ஐக் காட்டி, உள்ளே நெக்கைத் திருகித் திருத்தும் கம்பி இருந்தால் நின்று யோசியுங்கள். மார்ட்டின் அந்த வகைக் கம்பியை வைக்கத் தொடங்கியது 1985இல்.

கிப்சன் 1960களில் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. ஆகவே அந்தக் காலத்து எண்ணை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. 1977இல் எட்டு இலக்க முறை வந்தது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு, நடுவிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 90448012 என்றால் 1998ஆம் ஆண்டின் 44ஆவது நாள், பிப்ரவரி 13. சில விதிவிலக்குகள் உண்டு, 1994இல் எண்கள் 94 என்று தொடங்கின. மற்றபடி நாள் எண் 366ஐத் தாண்டினால் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது.

ஜப்பானின் யமஹா எஃப்ஜி-180 வந்தது 1966இல். சிவப்பு லேபிள் ஒட்டிய இந்தக் கிட்டாரைத் தேடி அலைபவர்கள் இன்றும் உண்டு. லேபிளில் 'நிப்பான் கக்கி' என்ற பழைய நிறுவனப் பெயர் இருந்தால் அது 1987க்கு முந்தையது, அந்த ஆண்டில்தான் நிறுவனம் யமஹா கார்ப்பரேஷன் ஆனது. தைவானில் செய்தவற்றின் லேபிளில் தைவான் என்றே இருக்கும். விற்பவர்கள் எஃப்ஜி-180க்கு ஒற்றைப் பலகை என்று சொல்வதுண்டு. ஒலித்துளையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை தடிமன் முழுக்க இறங்கினால் ஒற்றைப் பலகை. நடுவில் வேறு அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். எஃப்ஜி-180 ப்ளைவுட்தான். அதனாலேயே நம் ஈரப்பதத்தில் விரிசல் விடாமல் நீடிக்கிறது என்பதை அதன் சிறப்பாகவே கருதுகிறேன்.

நம்மூர்ச் சந்தையில் ஹாப்னர், கிவ்சன் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். இரண்டும் கொல்கத்தாவின் நிறுவனங்கள். ஜெர்மனியின் ஹாஃப்னர் வேறு, அமெரிக்காவின் கிப்சன் வேறு. எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

முதுகுப் பலகையில் நம் காட்டுக்கும் பங்கு உண்டு. 1969 வரை மார்ட்டின் தன் ரோஸ்வுட் கிட்டார்களுக்குப் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. பின்னர் மாறியது இந்திய ரோஸ்வுட்டுக்கு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்துக்கு. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம். பிரேசில் மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகத்துக்குத் தடையுள்ள பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் அத்தகைய கிட்டாரை எல்லை தாண்டி எடுத்துவந்தால் சுங்கத்தில் சிக்கும். ஈட்டி உள்ளிட்ட மற்ற வகைகளுக்கு 2017இல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து, முழுதாகச் செய்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது.

கடைசியில் நெக்கைப் பாருங்கள். ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. நேரான அளவுகோலை ஃப்ரெட்களின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜை நோக்கி நீட்டினால் அது பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கீழே முட்டினால் நெக் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் நுழைகிறதா என்றும் பாருங்கள், நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. கம்பியைத் தாங்கும் சாடில் ஏற்கெனவே ராவித் தேய்ந்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி இன்னும் 3 மி.மீ.க்கு மேல் உயர்ந்து நின்றால், நெக்கைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பொருத்துவதுதான் வழி. அதைச் செய்யத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் குறைவு. முதலில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துச் செலவைக் கேளுங்கள், விலை பேசுவது அதற்குப் பிறகு.