சீரியல் அட்டைக்குக் கிடைத்த அணுகுண்டு மோதிரம்

அமெரிக்காவில் காலை உணவு சீரியல் விற்ற கம்பெனிகள் நூறு வருஷத்துக்கும் முன்பே இலவசப் பொருள் கொடுத்துக் குழந்தைகளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன. அந்தச் சின்னச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று நிறையப் பேர். புதிதாகச் சேர்க்க நினைப்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில பொம்மைகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. சிலவற்றுக்குப் பெட்டியின் மேல்மூடியை வெட்டி, கொஞ்சம் சில்லறையும் சேர்த்துத் தபாலில் அனுப்ப வேண்டும்.

தபாலில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1947-இல் வந்த அணுகுண்டு மோதிரம். ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் கிக்ஸ் சீரியல் மூடி ஒன்றும் 15 சென்ட்டும் அனுப்பியவர்களுக்குக் கிடைத்தது. விரலுக்குத் தக்கபடி விரித்துக்கொள்ளும் வளையம்; அதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு குட்டிக் குண்டு; குண்டுக்குச் சிவப்பு வால். வாலைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன லென்ஸ். இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து அதன் வழியே பார்த்தால், பொட்டுப் பொட்டாக ஒளி தெறிக்கும். உள்ளே இருந்த துளியளவு பொலோனியம் ஆல்ஃபா துகள்களை வீச, அவை துத்தநாக சல்ஃபைடு திரையில் மோதுவதால் வந்த ஒளி அது. இதே தத்துவத்தில் வில்லியம் க்ரூக்ஸ் 1903-இலேயே ஒரு கருவி செய்திருந்தார். விஞ்ஞானிகள் பார்த்து வியந்த காட்சியை ஒரு பள்ளிப் பிள்ளை தன் விரலில் போட்டுக்கொண்டு திரிந்தது!

அந்தப் பொலோனியம் 138 நாளில் பாதியாகிவிடும். அடுத்த 138 நாளில் அதிலும் பாதி. ஆகவே இன்று எந்த மோதிரத்திலும் ஒளி தெரியாது. அது பழுதில்லை. 'இன்னும் மின்னுகிறது' என்று சொல்லி யாராவது விற்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அதைவிட, சிவப்பு வால் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டும் பாகம்தான் முதலில் தொலையும்.

பொருள் பிரபலமாக இருந்தால் விலையும் ஏறும் என்று நினைப்பதும் தவறு. 1945 வாக்கில் கெல்லாக்ஸ் தன் பெப் சீரியல் பெட்டிக்குள் சித்திரக்கதைப் பாத்திரங்களின் தகர பேட்ஜ்களைப் போட்டது. மொத்தம் 86 வகை, ஐந்து தொகுதிகளாக வந்தன. ஒவ்வொரு தொகுதியிலும் சூப்பர்மேன் இருந்ததால், அவர்தான் மிக எளிதாகக் கிடைப்பவர்.

1955-இல் குவேக்கர் ஓட்ஸ் இன்னொரு விசித்திரம் செய்தது. கனடாவின் யூகான் பகுதியில் நிலம் வாங்கி, ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பத்திரம் என்று 2 கோடியே 10 லட்சம் பத்திரங்கள் அச்சடித்துப் பெட்டிகளில் போட்டது. சில டாலர் வரிபாக்கிக்காக 1965-இல் கனடா அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பத்திரத்தைக் காட்டி யாரும் நிலம் கேட்க முடியாது. சேகரிப்பவர்களுக்கோ அந்தக் காகிதமே போதும்.

1950-களில் சீரியல் பரிசாக வந்த பிளாஸ்டிக் நீர்மூழ்கிக் கப்பல் கையில் கிடைத்தால் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அதற்குள் போட ஆப்பசோடா உதவாது, பேக்கிங் பவுடர் வேண்டும். சோடாவோடு அமிலமும் அதில் இருப்பதால் தண்ணீர் பட்டதும் வாயு கிளம்பும். குமிழி கப்பலை மேலே தூக்கும். குமிழி நழுவினால் கப்பல் மூழ்கும். ஓட்டிய பிறகு நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பழைய பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும்.

பொம்மையோடு வந்த குறிப்புத்தாள், தபால் பெட்டி, கிழிந்த உறை எதுவானாலும் தூக்கிப் போடாதீர்கள். குழந்தைகள் பொம்மையை வைத்துக்கொண்டார்கள், காகிதத்தை எறிந்தார்கள். இன்று அரிதாகக் கிடைப்பது அந்தக் காகிதம்தான்.