கோட்டை வாயிலிற் பதிந்த கோயிற்கல்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாயில், மலைச் சரிவிலே ஒரு பாறைக் கல்வெட்டு உளது. பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில் வெட்டப்பெற்றது. காலம் கி.பி. 7 அல்லது 8 ஆம் நூற்றாண்டு என்பர். திரபுசகர், வல்லிகர் என்னும் பெயரோடு தொடர்புடைய வணிகர் கூட்டத்தார் கிரிகண்டி சைத்தியத்தை நிறுவிய செய்தியை அது கூறுகின்றது. காற்றும் மழையும் எழுத்துகளை அரித்தபோதிலும், பேராசிரியர் பரணவிதான அதனைப் படித்து வெளியிட்டார். அதற்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கல் தன் இடத்தை விட்டு அசையவில்லை. அது கூறும் சைத்தியமும் அம்மலை மீதே நிற்கின்றது.

திருகோணமலைக் கோட்டை வாயிற் கல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில், 1622 க்கும் 1624 க்கும் இடையே, கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களே கோட்டை மதிலுக்குப் போயின. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, 1803 இல் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டையின் வாயிலில், தூணாகப் பதிந்த ஒரு கல்லில் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்துகளும் காணப்படுகின்றன. வரிகளின் ஓரத்தே எழுத்துகள் சிதைந்தன. எஞ்சியவற்றைக் கூட்டிப் பார்த்தால், முன்னர் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கியர் பிரிப்பர், அதன்பின் வரும் மன்னர் அதனைப் பேணார் என்னும் கருத்துக் கிடைக்கின்றது. சிதைந்த இடங்களை நிரப்ப, வாய்வழியாக வழங்கிவந்த பாடல் துணைசெய்தது.

இது வருவதுரைத்த வாக்கென்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். ஆயின், பறங்கி என்ற சொல்லை நோக்குக. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505 இல். கோயிலைப் பிரிக்கும் செயலோடு அச்சொல் இணைந்து நிற்பதால், இவ்வரிகள் அவர்தம் வருகைக்கு முற்பட்டனவாதல் அரிது. கயலோ இன்னும் பழைய கதையைச் சொல்வது. 13 ஆம் நூற்றாண்டின் நடுக்கூறில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையிற் கயற்கொடி நாட்டியதைப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைச் சாசனம் பேசுகின்றது. ஒரே கல்லில் இருப்பதனால் மீனும் எழுத்தும் ஒரே கையின் வேலை என்று கொள்வதே இங்கு நேரக்கூடிய பெரும் பிழை. கல் ஒன்றாயினும் காலம் ஒன்றாக வேண்டுவதில்லை.

அப்படியாயின் குளக்கோட்டன் யார்? கவிராச வரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு அவனைக் கலியாண்டு 512 இல் வைக்கின்றது; அதாவது இற்றைக்கு ஏறத்தாழ நாலாயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன். அந்நூலின் பெயரில் கல்வெட்டு என்ற சொல் இருப்பினும் அது ஏட்டில் எழுதப்பெற்றதே.

கல்லில் உள்ள சான்று வேறொன்று. கோட்டை எல்லைக்குள் கிடைத்த மற்றொரு வாயில்நிலைத் துண்டில், கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனம் ஒன்றுண்டு. சோடகங்கதேவன் என்பான் கோகர்ணத்துக்கு வந்ததை அது கூறும். கோகர்ணம் என்பது திருகோணமலையின் பழம் பெயர். ஆண்டு எண்ணாக எழுதப்படவில்லை. சம்புபுஷ்பம் என்ற சொல்லுக்குள் மறைந்துள்ளது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொள்ளும் கடபயாதி முறையில் ச என்பது யகர வரிசையில் ஐந்தாவது, ஆதலின் 5. அடுத்து வரும் பு வடமொழிப் பகர வரிசையின் நான்காம் எழுத்தாதலின் 4. பின்வரும் பகரங்கள் இரண்டும் அவ்வரிசையின் முதலெழுத்தாதலின் 1, 1. மெய் மாத்திரமாய் நிற்கும் ம், ஷ் கணக்கில் வாரா. 5, 4, 1, 1 என்பதைப் பின்னிருந்து படித்தால் 1145. அது சக ஆண்டு; 78 கூட்ட, கி.பி. 1223. பொலன்னறுவையில் மாகன் ஆண்ட காலம் அது. சிவனது மலர் என்று பொருள்படும் சொல்லே ஆண்டினையும் சொல்லுமாறு அமைத்த புலவன் கெட்டிக்காரனே.

இச் சோடகங்கனே மக்கள் நினைவிற் குளக்கோட்டனாக நின்றவன் எனக் கருதும் ஆராய்ச்சியாளர் உளர். கருத்துப் பொருத்தமானதே. ஆயினும் வடமொழித் துண்டில் குளக்கோட்டன் என்ற பெயர் இல்லை. வாயிற்கல்லின் வரிகளில் சோடகங்கன் என்ற பெயர் இல்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கிடக்கின்றன. இரண்டையும் இணைத்துக் காட்டவல்ல கல் இருக்குமாயின், அது அக்கோட்டை மதிலின் உள்முகத்திலேயே எழுத்து மறைந்து கிடத்தல் கூடும்.