சுமையில் தளரும் பொறி

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்தின் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கிற் சாய்ந்தன. பல ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. இருளினும் கொடியதாயிற்று குடிநீர்த் தட்டுப்பாடு. நீரேற்றும் மோட்டார்கள் மின்சாரமின்றி நின்றன. அப்பொழுது ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கிகளே பல இடங்களில் நீர்த்தொட்டிகளை நிரப்பின. அத்தகைய வேளையில் மின்னாக்கி தளர்ந்தால் வீட்டுக் குடங்கள் வெறுங்குடங்களாகவே இருக்கும்.

கையால் எடுத்துச் செல்லத்தக்க சிறிய பெட்ரோல் மின்னாக்கியிடம் ஒரு வியப்பான இயல்பு உண்டு. சுமையின்றி ஓடும்பொழுது அது குறையற்றதுபோல் தோன்றும். மோட்டாரை இணைத்தவுடன் திணறி நின்றுவிடும். இதற்குக் காரணம் யாது?

இவ்வகை மின்னாக்கிகளுட் பல, நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழன்று, நொடிக்கு 50 அலைவுகளையுடைய மின்சாரத்தைத் தருவன. சுமை ஏறினால் வேகம் குறையும். உடனே கவர்னர் என்னும் உறுப்பு, காற்றும் பெட்ரோலும் செல்லும் வாயிலை அகலத் திறக்கும். அவ்விரண்டனுள் ஒன்று தடைப்படினும் பொறி தளரும். ஆதலின், சுமையின்றி ஓடுவது நலத்திற்குச் சான்றாகாது.

முதலில் ஐயுற வேண்டியது பொறியையன்று, சுமையையே. மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்பொழுது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின்னாக்கியின் ஆற்றல் அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். சுமையைக் குறைத்தவுடன் பொறி நன்கு ஓடினால், அதன் ஆற்றலுக்கு மிஞ்சிய சுமை ஏற்றப்பட்டதோ என்று கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

சுமை அளவாக இருந்தும் தளர்ந்தால், அடுத்துக் காற்றையும் எரிபொருளையும் ஆராய்தல் முறை. காற்று வடிகட்டியில் தூசி அடைந்தாலும், சோக் மூடியே இருந்தாலும் கரும்புகை எழும். பெட்ரோல் தொட்டி மூடியிலுள்ள சிறு துளை அடைபட்டால், சிறிது நேரம் ஓடிப் பின் நிற்கும். மூடியைத் தளர்த்தியவுடன் தெளியும். பல திங்கள் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் ஜெட் துளையை அடைக்கும். சோக்கைச் சிறிது மூடியவுடன் பொறி வலிமை பெறுமாயின், பெட்ரோல் போதவில்லை என்பது அதன் குறிப்பு. அத்துளையைக் கம்பியாற் குத்துதல் கூடாது, துளை பெருத்துவிடும். இவற்றின் பின்னரே ஸ்பார்க் பிளக்கையும், புகைக்குழாயிற் படிந்த கரியையும் பார்த்தல் வேண்டும். கவர்னரையும் வால்வுகளையும் மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றுபவன் குறை எதுவென அறியான். ஒவ்வொன்றாகச் சோதிப்பவனே அறிவான்.

பொறியை நிறுத்திக் குளிரவிட்ட பின்னரே பெட்ரோல் ஊற்றுதல் வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைக் கவர்வது. ஆதலின் மின்னாக்கியை வீட்டினுள் ஒருபோதும் இயக்கலாகாது. சன்னலுக்கும் வாயிலுக்கும் தொலைவில், வெட்டவெளியில் வைத்தே இயக்குதல் வேண்டும்.

வெறுமையில் மறைந்திருக்கும் குறை சுமையில் வெளிப்படும். எனவே, ஐப்பசி மழை தொடங்குமுன்பே மின்னாக்கியைச் சுமையேற்றி ஓட்டிப் பார்ப்பவர், புயல் வந்த நாளில் கலங்கார்.