என்ஜின் பெரிசு, மூச்சு சிறிசு

ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் அந்தமான் நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் சுமார் 49 கி.மீ. வரிசையாகத்தான் போக வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு பழைய ஜிப்ஸி திணறி நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டிக்கும் வில்லங்கம்.

பெரிய என்ஜின் போட்ட பிறகும் திணறுகிறதா? முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்று நுழையும் வழியை.

1985இல் வந்த ஜிப்ஸிக்கு 970 சி.சி. கார்புரேட்டர் என்ஜின். 1996இல் 1300 சி.சி. ஆனது. 2000இல் அதே 1300, 16 வால்வுகளோடும் எம்.பி.எஃப்.ஐ.யோடும் வந்தது. "எல்லாம் மாருதிதானே" என்ற நினைப்பில்தான் சிக்கல். 8 வால்வு ஹெட்டில் ஒரு சிலிண்டருக்குக் காற்று நுழைய ஒரு வால்வு. 16 வால்வில் இரண்டு. ஒன்றின் மேனிஃபோல்டு மற்றதில் உட்காராது. எம்.பி.எஃப்.ஐ. என்றால் மேனிஃபோல்டோடு த்ராட்டில் பாடி, சென்சார்கள், கம்ப்யூட்டர், ஒயரிங், அதிக அழுத்தம் தரும் பெட்ரோல் பம்ப் என்று குடும்பமே வர வேண்டும். ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழு செட்தான் உத்தமம்.

கார்புரேட்டரோடு திருப்திப்படுகிறவர்களுக்கு வேறொரு ஆசை: பெரிய வாய் உள்ளதாகப் போடுவது. பந்தயத்துக்கு அது சரி. 40 கி.மீ. வேகத்தில் காற்றின் ஓட்டம் மந்தமாகி, பெட்ரோல் சரியாகத் தூவப்படாமல், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கும். அந்தமானில் அந்தப் பெரிய வாய்க்கு வேலையே இல்லை.

கேஸ்கெட்டும் சாமானியமல்ல. அதன் விளிம்போ, துளையைவிடச் சிறிய ஹெட்டின் விளிம்போ காற்றுப் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் ஓட்டம் தடைபடும். சரியாக அடைக்காவிட்டால் வெளிக்காற்று புகுந்து, பெட்ரோல் விகிதம் குறைந்து, ஐட்லிங் ஏறி இறங்கும்; என்ஜின் சூடாகும். உப்புக் காற்றில் ஸ்டட்கள் துருப்பிடிக்கும் ஊர் வேறு.

ஒரு கேஸ்கெட் தப்பாக வந்தாலும் சென்னையிலிருந்து மாற்று வர வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) கப்பலில் சுமார் மூன்று நாள் பயணம்; கப்பல் கிளம்பும் நாளுக்குக் காத்திருப்பது தனி. அதனால் பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாமல், துளைகளின் அளவோடு காகிதத்தில் வரைந்து அனுப்புவது புத்திசாலித்தனம்.

என்ஜினை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும். புதிய என்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏறாவிட்டால் இன்சூரன்ஸ் கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம்.